ஆடியில் வீடு பார்க்காதீர்கள்

போர்ச்சுகலுக்குக் குடிபோவது பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதல் இரண்டு வாக்கியத்துக்குள் வெயில் வந்துவிடுகிறது. அப்புறம் கடல், மலிவான காப்பி, மீன். இதில் பொய் ஒன்றும் இல்லை. லிஸ்பனில் வருடத்துக்குச் சுமார் 2,800 மணி நேரம் வெயில் அடிக்கிறது. தெற்கே அல்கார்வ் கரையில் அது 3,000 மணியைத் தாண்டும். ஆனால் இதே நாட்டைப் பற்றி இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதைக் காணொளிக்காரர்கள் யாரும் சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் ஆண்டுதோறும் ஒரு கேள்வி கேட்கிறது: உங்கள் வீட்டைப் போதுமான கதகதப்பில் வைத்துக்கொள்ள முடிகிறதா? 2023இல் முடியவில்லை என்று சொன்னவர்கள் ஒன்றியம் முழுவதற்கும் 10.6 சதவீதம். போர்ச்சுகலில் 20.8. ஸ்பெயினிலும் அதே 20.8. பட்டியலில் இந்த இரண்டு வெயில் நாடுகள்தான் முதலிடம். பாதி வருடம் பனியில் கிடக்கும் பின்லாந்தில் அது 3 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

பணமில்லாதவர்கள் அதிகம், மின்கட்டணம் அதிகம் என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். அதுவும் உண்டு. ஆனால் கைநிறையச் சம்பளத்தோடு வந்து இறங்குகிற புதியவர்களும் முதல் சனவரியில் சாப்பாட்டு மேசையில் ஜெர்க்கினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அது விளக்காது. வெளியே நண்பகலில் 15, 16 டிகிரி, சுள்ளென்று வெயில். கதவைத் திறந்து வீட்டுக்குள் வந்தால் 13. வெளியிலிருந்து வந்தவர் உள்ளே வந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டிய ஊர் இது. சென்னையிலிருந்தோ துபாயிலிருந்தோ வருகிறவருக்கு முதலில் இது புரிவதே இல்லை, ஹீட்டர் பழுதோ என்றுதான் தேடுவார். பெரும்பாலான வீடுகளில் பழுதாவதற்கு ஹீட்டரே இருக்காது.

வெயிலுக்காகப் போகிறவர்கள் வெயிலைப் பற்றி விசாரிக்கிறார்களே ஒழிய, அந்த வெயில் தாங்கள் எடுக்கப்போகும் வீட்டுக்குள் வருமா என்று விசாரிப்பதில்லை. இரண்டும் வேறு வேறு சரக்கு. இரண்டாவது கிடைப்பது சிரமம்.

தெற்கு எமன் திசை இல்லை

போர்ச்சுகலில் கட்டடங்களின் வெப்பக்காப்புக்கு முதன்முதலாக விதி வந்தது 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில். நடைமுறைக்கு வந்தது 1991இல். அதற்கு முன்னால் கட்டியதில் பெரும்பங்கு கருங்கல் சுவர் அல்லது துளைபோட்ட மெல்லிய செங்கல் சுவர், தரையில் ஓடு, ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடி. நகரின் நல்ல இடங்களில் வாடகைக்கு வருவது பெரும்பாலும் இந்தப் பழைய சரக்குதான். 1991க்குப் பின் கட்டியவற்றிலும் விதி உண்மையில் இறுகியது 2006 திருத்தத்துக்குப் பிறகு. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை என்று நம் வீட்டுப் பொருள்களுக்குப் பெயர் கொடுத்த மொழி போர்த்துகீசு. பெயர் கொடுத்தவர்கள் ஜன்னலில் மட்டும் கோட்டை விட்டுவிட்டார்கள். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல்நுனி நுழையும். ஜன்னலுக்கு மேலே சுருட்டுக் கதவு சுருண்டு உட்காரும் பெட்டி ஒன்று இருக்கும், உள்ளூரில் எஷ்தோர் பெட்டி என்பார்கள். வெறும் மரப்பலகை, உள்ளே காலி, நேராக வெளிக்காற்று. ஜன்னலையே மாற்றினவர்கள்கூட இந்தப் பெட்டியை மறந்துவிடுவார்கள். அப்புறம் இரட்டைக் கண்ணாடி போட்டும் குளிர்கிறதே என்பார்கள்.

வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதில் நம்மவர்களுக்கு இன்னொரு வழுக்கல் உண்டு. நமக்கு வடக்கு பார்த்த மனை, கிழக்கு பார்த்த வாசல். தெற்கு பார்த்த வீடென்றால் முகம் சுளித்து விலையைக் குறைத்துக் கேட்போம். லிஸ்பன் 38.7 பாகை வடக்கில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 28 பாகைதான் ஏறுகிறது. அதே நாளில் சென்னையில் 53 பாகைக்கு மேல். அங்கே குளிர்காலம் முழுவதும் சூரியன் தெற்கே தாழ்வாக நடந்து போய்விடும், வடக்கு முகப்புக்கு அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஒரு கதிர்கூடப் படாது. வாஸ்துப்படி வடக்கு பார்த்த வீடுதான் வேண்டும் என்று தேடி எடுத்துவிட்டு நான்கு மாதம் ஹீட்டருக்குப் பணம் கட்டுவது வெயில் நாட்டுக்கு வந்த பயனையே கெடுத்துவிடும். விளம்பரத்தில் ‘சுல்’ என்று இருந்தால் தெற்கு. ‘நஷ்சென்த்’ கிழக்கு, காலை வெயில். ‘பொயென்த்’ மேற்கு, பிற்பகல் வெயில். திசையே போடாத விளம்பரம் வடக்கு பார்த்தது என்று எடுத்துக்கொண்டு விசாரிப்பது நல்லது.

தெற்கு பார்த்திருந்தாலும் எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கணக்கு எளிது. 28 பாகையில் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.9 மடங்கு நீளும். எதிர்க்கட்டடம் 12 மீட்டர், நடுவில் தெரு 6 மீட்டர் என்றால், நண்பகலிலும் நம் சுவரில் ஏறத்தாழ 9 மீட்டர் உயரம் வரை நிழல். தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடியும் இருட்டு, மேல்மாடிக்காரருக்கு மட்டும் வெயில். லிஸ்பனின் அல்ஃபாமா, மொராரியா போன்ற பழைய பேட்டைகளின் சந்துகள் இப்படித்தான். ஆகஸ்ட்டில் அந்தச் சந்துக்குள் நுழைந்தால் குளுகுளுவென்று இருக்கும், மயங்கி விடுவோம். முகவரியில் மாடி எண்ணுக்குப் பதில் தரைத்தளக் குறியோ, ‘காவ்’ என்ற நிலவறைக் குறியோ இருந்தால் வாடகை ஏன் குறைவு என்று கேட்கவே வேண்டியதில்லை.

காகிதம் வீட்டைத் தேர்ந்தெடுக்கிறது

இவ்வளவும் தெரிந்தவர்களும் தப்பான வீட்டில் போய் உட்காருகிறார்கள். அதற்கு விசா நடைமுறையின் வரிசைதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓய்வூதியம், வாடகை வருமானம் உள்ளவர்களுக்கு டி7. வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு டி8. முதலாவதற்கு மாத வருமானம் அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையக் கூடாது, 2025இல் அது 870 யூரோ. கூட வரும் துணைக்கு அதில் பாதி, ஒவ்வொரு குழந்தைக்கும் 30 சதவீதம் சேர வேண்டும். இரண்டாவதற்கு நான்கு மடங்கு, அதாவது 2025 கணக்கில் 3,480 யூரோ. இதெல்லாம் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் எண்கள். இடிக்கும் இடம் அடுத்த வரி: தங்குமிடத்துக்கு ஆதாரம். வழக்கமாகப் பன்னிரண்டு மாத வாடகை ஒப்பந்தம் கேட்கிறார்கள். விசா வருவதற்கு முன்பே, நாட்டுக்குள் காலே வைக்காத நிலையில், ஒரு வருடத்துக்கு வீடு எடுத்தாக வேண்டும்.

ஒப்பந்தத்துக்கு முன்னால் நிஃப் எனப்படும் ஒன்பது இலக்க வரி எண். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே முகவரி உள்ளவர்கள் ஒரு வரிப் பிரதிநிதியை வைக்க வேண்டும், அல்லது வரித்துறையின் மின்னறிவிப்புக்குப் பதிந்துகொள்ள வேண்டும். பிறகு வங்கிக் கணக்கு. பிறகுதான் வீடு. இந்திய ஆவணங்கள் வெளிநாட்டில் செல்வதற்கான அப்போஸ்தில் முத்திரை, காவல்துறைச் சான்று எல்லாம் இதோடு ஓடிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடம் செப்டம்பரில் திறப்பதால் குடும்பமாகப் போகிறவர்கள் கோடையை ஒட்டியே எல்லாவற்றையும் நெருக்கி முடிக்கப் பார்ப்பார்கள். ஆகவே நடப்பது இதுதான்: ஜூலையிலோ ஆகஸ்ட்டிலோ, படங்களைப் பார்த்து, அல்லது ஒரு வாரச் சுற்றுலாவில் ஓடி ஓடிப் பார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுகிறது.

நம் ஊரில் ஆடி மாதத்தில் வீடு மாற மாட்டோம். காரணம் என்னவாயிருந்தாலும், போர்ச்சுகலுக்கு அந்த வழக்கம் அப்படியே பொருந்தும். ஆடியில் அங்கே எந்த வீடும் நல்ல வீடு. கருங்கல் சுவர் குளுமை தரும், வடக்கு அறை இதமாக இருக்கும், இடுக்கு வழியாக வரும் காற்று தென்றல் மாதிரித் தோன்றும். சுவர் மூலையில் சென்ற குளிர்காலத்துக் கறுப்புப் புள்ளிகள் மேல் ஜூன் மாதமே புது வெள்ளை அடித்திருப்பார்கள். பார்க்க வேண்டிய மாதம் மார்கழி. நாலு நாள் விடாமல் மழை பெய்த பிறகு, காலை எட்டு மணிக்கு.

கையெழுத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம்

அந்தக் கையெழுத்து ஏன் இவ்வளவு கனமானது என்பதற்கு ஒரு தேதிக் கணக்கு. நிலையான குடியிருப்புக்கான ஒப்பந்தம் குறைந்தது ஓராண்டு. வாடகைக்காரர் நடுவில் விட்டுப் போகலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஒப்பந்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிந்திருக்க வேண்டும், அதன் பிறகு 120 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆகஸ்ட் 1இல் தொடங்கிய ஓராண்டு ஒப்பந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிவது நவம்பர் 30. டிசம்பர் 1 அன்றே கடிதம் கொடுத்தாலும் வெளியேறுவது மார்ச் 31. குளிர்காலம் முழுவதற்கும் வாடகை கொடுத்து முடித்தபின் கதவு திறக்கும். அறிவிப்பில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் அந்த நாள்களுக்கான வாடகையைக் கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. பூஞ்சை பிடித்த வீடு என்று நகராட்சியிடம் ஆய்வு கோரலாம். கோரலாம்தான், அதற்குள் வேனில் வந்துவிடும்.

நேரில் போக முடியாதவர் முதலில் வரைபடத்தைத் திறக்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் தெரு எந்தத் திசையில் ஓடுகிறது, கட்டடத்தின் எந்தப் பக்கம் எந்த அறை, எதிரே எத்தனை மாடி என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு முகவரிடம் எரிசக்திச் சான்றிதழ் கேட்க வேண்டும். விற்கவோ வாடகைக்கு விடவோ இது கட்டாயம், விளம்பரத்திலேயே தரக்குறி போட வேண்டும் என்பது 2013 முதல் விதி. ஏ பிளஸ் முதல் எஃப் வரை எட்டுப் படி. பத்தாண்டு செல்லும். எழுத்தை மட்டும் பார்த்து நகர்ந்துவிடாமல் உள்ளே படிக்க வேண்டும். சுவர் எதனால் ஆனது, கண்ணாடி ஒற்றையா இரட்டையா, சுடுநீர் எதனால், என்ன செய்தால் தரம் உயரும் என்று ஆய்வாளர் எழுதியிருப்பார். டி, ஈ என்றிருந்தால் உடனே ஓட வேண்டியதில்லை, பழைய நகரத்தில் அதுதான் சாதாரணம். டி தரத்தில் தெற்கு பார்த்த மூன்றாம் மாடி, சி தரத்தில் வடக்கு பார்த்த தரைத்தளத்தைவிட வாழ வசதி.

காணொளி அழைப்பில் வீட்டைக் காட்டும்போது வரவேற்பறையையும் கடல் தெரியும் மூலையையும்தான் காட்டுவார்கள். கேட்க வேண்டியவை வேறு. அலமாரியைத் திறந்து அதன் பின்பலகையைக் காட்டச் சொல்லுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியின் பின்புறம்தான் பூஞ்சையின் தலைமையிடம். படுக்கையறையில் கூரையும் வெளிச்சுவரும் சேரும் மூலை, ஜன்னல் திட்டுக்குக் கீழே, குளியலறையில் சிலிக்கான் ஒட்டின் நிறம். ஒரே ஒரு சுவரில் மட்டும் புது வண்ணம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஜன்னல் சட்டத்தில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுக்கச் சொல்லுங்கள். எளிதாக உருவி வந்தால் காற்றும் வரும். முகவருக்கு இது எரிச்சல்தான். அவருக்கு வரிசையில் இன்னும் பத்துப் பேர் நிற்பார்கள் என்பதும் உண்மை. லிஸ்பனில் நல்ல வீடு ஒன்று இரண்டு நாள்கூடத் தங்குவதில்லை. ஆகவே எல்லாம் சரியாக இருக்கும் வீட்டுக்குக் காத்திருக்க முடியாது, எந்தக் குறையோடு குடியிருக்கலாம் என்று தேர்ந்துகொள்ள முடியும். ஒற்றைக் கண்ணாடியோடு வாழலாம், தடித்த திரை போட்டு ஓரளவு சமாளிக்கலாம். நிலவறையில் கசியும் சுவரோடு வாழ முடியாது.

பண விஷயம் சுருக்கமாக. 2023இன் வீட்டுவசதிச் சட்டப்படி காவுசாவும் எனப்படும் பிணைத்தொகை இரண்டு மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, முன்கூட்டி வாங்கும் வாடகையும் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. நடைமுறையில் உள்ளூர் பிணையாள் இல்லாத வெளிநாட்டவரிடம் ஆறு மாதம், ஒரு வருடம் என்று கேட்பது சகஜம். கொடுப்பதா வேண்டாமா என்பது அவரவர் அவசரத்தைப் பொறுத்தது. கொடுத்தால் அது எந்தெந்த மாத வாடகை என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பணம் ‘PT50’ என்று தொடங்கும் போர்ச்சுகல் வங்கிக் கணக்கு எண்ணுக்கு, உரிமையாளர் பெயரிலேயே போக வேண்டும். சொத்தின் வரிப்பதிவு நகலான கதெர்னெத்த பிரெதியால் வாங்கி, அதிலுள்ள பெயரையும் ஒப்பந்தத்துப் பெயரையும் ஒப்பிட வேண்டும். முகவருக்கு ‘AMI’ என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். விசா மறுக்கப்பட்டால் ஒப்பந்தம் செல்லாது, பணம் திரும்பும் என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பாதிப் பேர் ஒப்புக்கொள்வார்கள், கேட்டால்தான். உரிமையாளர் ஒப்பந்தத்தை வரித்துறையில் பதிந்தாரா என்பதும் முக்கியம். பதியாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு குடியேற்ற அலுவலகத்தின் முன் நிற்பது வீண் வேலை.

ஒரு அறைக் காற்றில் அரை லிட்டர்

ஒப்பந்தம் முடிந்து, குடியும் போய், நவம்பரும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போர்ச்சுகலில் மழை குளிர்காலத்தில்தான். போர்ட்டோவில் ஆண்டுக்கு 1,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, சென்னையோடு ஒப்பிடக்கூடிய மழை, ஆனால் குளிரோடு சேர்ந்து வரும். கோடை வறண்டது. ஈரமும் குளிரும் ஒன்றாக வருவதுதான் இந்த நாட்டுக் குளிர்காலத்தின் தன்மை. நமக்கு ஈரமென்றால் புழுக்கம், குளிரென்றால் ஊட்டி. இரண்டும் கலந்தது புதிது.

4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, 2.7 மீட்டர் உயரம். சுமார் 32 கனமீட்டர் காற்று. 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அறை முழுவதற்கும் 550 கிராம், அரை லிட்டர் பாட்டிலுக்குச் சற்று மேல். ஏற்கெனவே 60 சதவீதம் ஈரம் இருந்தால் மிச்ச இடம் ஒரு டம்ளர் தண்ணீருக்கு மட்டும். இப்போது சலவை இயந்திரத்திலிருந்து எடுத்த துணிகளை அந்த அறையில் காயப்போடுங்கள், அவை இரண்டு லிட்டர் வரை விடும். அடுத்த அறையில் இட்லி. ஒரு ஈடு வெந்து முடிவதற்குள் ஒரு டம்ளராவது ஆவியாகிவிடும். சாம்பார், ரசம், குக்கர் விசில் என்று நம் சமையலே ஆவியில் நடக்கும் சமையல். இவ்வளவு நீரும் எங்கே போகும்? 20 டிகிரியில் 70 சதவீத ஈரமுள்ள காற்று, 14.4 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பைத் தொட்டாலும் வியர்க்கும். வெளிச்சுவரின் உட்பக்கம், அலமாரிக்குப் பின்னால், காற்றோட்டமில்லாத மூலையில், சனவரியில் சுலபமாக 12, 13 டிகிரி. அங்கே பூஞ்சை வரும். தோல் செருப்பு, பெட்டி, பட்டுப்புடவை என்று எடுத்துவைத்தவற்றின் மேல் வெள்ளைப் பொடி படியும். ப்ளீச் போட்டுத் துடைத்தால் போகும், மூன்று வாரத்தில் திரும்ப வரும். சுவர் குளிர்ந்திருக்கும்வரை அல்லது காற்று ஈரமாக இருக்கும்வரை அது வந்துகொண்டேதான் இருக்கும். அலமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவது எந்தப் பூச்சைவிடவும் பலன் தரும்.

நம்மவர்கள் நம்ப மறுக்கும் வைத்தியம் ஒன்று உண்டு: மழை நாளிலும் ஜன்னலைத் திறப்பது. வெளியே 10 டிகிரி, 90 சதவீத ஈரம். பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் குளிர்ந்த காற்றில் நீர் குறைவு, கனமீட்டருக்கு 8.5 கிராம்தான். அதே காற்று உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானால் ஈரம் 55 சதவீதமாக இறங்கிவிடும். காலையும் மாலையும் எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து பத்து நிமிடம் விட்டு மூட வேண்டும். நாள் முழுவதும் கொஞ்சமாகத் திறந்து வைப்பது சுவரைக் குளிரவைக்கும், அது வேறு. பத்து யூரோவுக்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்றை வாங்கி வைத்து, 60க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஈரம் உறிஞ்சும் இயந்திரம். பெட்டி மேல் ‘நாளுக்கு 20 லிட்டர்’ என்று எழுதியிருப்பது 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் அளந்தது. 15 டிகிரி அறையில் அதில் பாதிகூட வராது. கம்ப்ரஸர் வகை குளிரில் திணறும், உள்ளே பனி கட்டிக்கொண்டு அடிக்கடி நின்று நின்று ஓடும். சூடே இல்லாத அறைக்கு உறிஞ்சுபொருள் வகை பொருந்தும். மின்சாரம் கூடுதல், ஆனால் அறையையும் கொஞ்சம் சூடாக்கும். துணி காயப்போடும் அறையில் கதவைச் சாத்தி இதை வைத்தால் மறுநாள் காலை தொட்டியில் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் நிற்கும், அதைப் பார்த்த பிறகு யாரும் வாதாட மாட்டார்கள்.

சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டரை மட்டும் வாங்காதீர்கள். உள்ளே 13 கிலோ பியூட்டேன் சிலிண்டரை வைத்து உருட்டிக்கொண்டு போகலாம், விலையும் மலிவு, ஐந்து நிமிடத்தில் சூடு. ஆனால் ஒரு கிலோ பியூட்டேன் எரிந்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே வரும். சூடு கொடுத்துக்கொண்டே பூஞ்சையை வளர்க்கும் சாதனம். கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி. அதோடு சேர்ந்த இன்னொரு தவறு: சமையலறைச் சுவரில் உள்ள காற்றுத் துளைகள் வழியே குளிர் வருகிறது என்று டேப் போட்டு ஒட்டுவது. பல வீடுகளில் குளிக்கும் வெந்நீருக்கு அதே சமையலறையில் கேஸ் கீசர் எரிந்துகொண்டிருக்கும். அந்தத் துளை அதற்கு மூச்சு. ஒருபோதும் அடைக்கக் கூடாது.

3.45இல் என்ன ஓடும்

மின்சாரம் இங்கே ‘எவ்வளவு செலவழித்தீர்கள்’ என்பதற்கு மட்டும் அல்லாமல், ‘ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம்’ என்பதற்கும் ஒப்பந்தம். 3.45, 4.6, 5.75, 6.9 கேவிஏ (ஏறத்தாழ கிலோவாட் மாதிரி) என்று படிகள். 3.45 என்றால் 15 ஆம்பியர். எண்ணெய் ஹீட்டர் 2,000 வாட், கெட்டில் 2,000 வாட். இரண்டையும் சேர்த்துப் போட்டால் வீடே இருட்டு. புதியவர்கள் வயரிங் கோளாறு என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வந்து போனதற்கே ஐம்பது யூரோ கொடுப்பார்கள். மின்விற்பனை நிறுவனத்தைக் கூப்பிட்டு அடுத்த படிக்கு மாற்றச் சொன்னால் போதும், மாதத்துக்குச் சில யூரோ கூடும். கூப்பிடும்போது பில்லில் ‘PT’ என்று தொடங்கும் மின்னிணைப்பு எண்ணைக் கையில் வைத்திருக்க வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பும் ஹீட்டரும் உள்ள வீட்டுக்கு 6.9 நிம்மதி. இரவு 10 முதல் காலை 8 வரை விலை குறையும் இருநேரக் கட்டணமும் உண்டு. துணி, பாத்திர இயந்திரங்களை இரவில் ஓட்டுகிறவருக்கு அது கட்டுப்படியாகும்.

ஏசி என்றால் நமக்குக் குளிர். இங்கே அதை வாங்குவது சூட்டுக்கு. முக்கால் டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஒன்று 700 வாட் போல மின்சாரம் தின்று அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் சூடு தரும். எண்ணெய் ஹீட்டர் ஒரு வாட்டுக்கு ஒரு வாட்தான். ஒரு அறையை தினம் ஐந்து மணி நேரம் 2,000 வாட் ஹீட்டரில் சூடாக்கினால் மாதம் 300 யூனிட். யூனிட்டுக்கு 20 சென்ட் என்று வைத்தால் 60 யூரோ. அதே வேலையை ஏசி 20 யூரோவில் முடிக்கும், 3.45இல் மற்றவற்றோடும் ஓடும். வாடகை வீட்டில் சிக்கல், வெளி அலகைச் சுவரில் மாட்ட உரிமையாளர் அனுமதியும் முகப்பென்றால் குடியிருப்போர் கூட்டத்தின் அனுமதியும் தேவை. ஆகவே ஏற்கெனவே ஏசி உள்ள வீட்டுக்கு மாதம் 40 யூரோ கூடுதலாகக் கேட்டால், குளிர்கால மின்கட்டணத்தோடு சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் கொடுக்கலாம்.

மற்றவை தானாக நடக்கும். விசா 120 நாள் செல்லும், இரண்டு முறை நுழையலாம். அதற்குள் ஐமா எனும் குடியேற்ற முகமையில் சந்திப்பு கிடைக்க வேண்டும். 2023 அக்டோபரில் பழைய அமைப்பைக் கலைத்து இதைத் தொடங்கியபோதே நிலுவை மலையாகக் கிடந்தது. பொறுமையும் எல்லாக் காகிதத்துக்கும் இரண்டு நகலும் வேண்டும். ஊர்ப்பேட்டை அலுவலகமான ஜுன்தாவில் வசிப்பிடச் சான்று வாங்கி, அதைக் கொண்டுபோய்ச் சுகாதார நிலையத்தில் எண் வாங்க வேண்டும். அரிசி, துவரம்பருப்பு, கறிவேப்பிலைக்கு லிஸ்பனில் மர்த்தீம் மொனீஸ் பக்கம் போனால் போதும். கடலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், பார்க்க அழகு. கோடையில் வடக்கிலிருந்து வீசும் காற்று மேல்நீரைத் தள்ளிவிட அடியிலிருந்து குளிர்நீர் ஏறி வருவதால், ஆகஸ்ட்டிலும் லிஸ்பன் பக்கத்துக் கடல் 18, 19 டிகிரிதான். மெரினாவை நினைத்துக்கொண்டு குதித்தவர் கத்திக்கொண்டு வெளியே வருவார்.

இரண்டாவது வீடு பார்ப்பதற்கு நாட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. சனவரியில், மழைவிட்ட நாளின் நண்பகலில், பிடித்த பேட்டையில் நடந்து பார்க்கலாம். அங்கே வயதானவர்கள் வீட்டுக்குள்ளிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து தெருவில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், கோட்டும் தொப்பியுமாக, சுவரோடு சாய்ந்து, முகத்தில் வெயில் பட. எந்தச் சுவர் என்று அவர்களுக்கு அறுபது வருடமாகத் தெரியும். அந்தச் சுவருக்கு மேலே, இரண்டாம் மாடியிலோ மூன்றாம் மாடியிலோ, ஜன்னலில் ‘அரென்தா-ஸ்’ என்று வாடகைப் பலகை தொங்குகிறதா என்று நிமிர்ந்து பார்க்கலாம்.